கை காட்டினால் நிற்க வேண்டும்

ஆசிரியருக்கும் வாசகர்களுக்கும் முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இன்றும் குழப்பம்தான். போன வாரப் பகுதியை அச்சுக் கோர்த்த தம்பி, "இந்த மனுசன் எழுதுனத வாசிக்க மருந்துக் கடைக்காரரத்தான் கூட்டியாரணும்" என்று அலுத்துக்கொண்டாராம். அவர் சொன்னது நியாயம். எழுத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தை மட்டும் மென்மையாக்கிவிட வேண்டாம். இந்த வாரம் எழுதுவது என் மகள் மீனாவைப் பற்றி.

மேசை மேல் நான்

பினாங்குக்குப் பாலம் வருவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம். தாதிப் பயிற்சி மாணவிகளுக்குப் பாடம் நடக்கும் ஓர் அறை. நோயாளியைப் படுக்க வைக்கும் உயரமான மேசையில் நான் மல்லாந்து கிடக்கிறேன். செருப்பு கீழே கிடக்கிறது. கால்சட்டைப் பின்பையில் இருந்த சீப்பு இடுப்பில் குத்துகிறது. டெட்டால் வாசனை. தலைக்கு மேலே விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்கிறது.

சுற்றிலும் வெள்ளைச் சீருடையில் சின்னப் பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேசுவதற்குக் கூப்பிட்ட ஆள் ஒரு வார்த்தையும் பேசாமல் மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"இதென்ன செய்யிறியள்? இறங்குங்கோ," என்றார் சிஸ்டர் ரத்தினம். அவர்தான் அந்த வகுப்பின் ஆசிரியை. யாழ்ப்பாணக் குடும்பத்து அம்மா. அவர் குரலுக்கு மாணவிகள் மட்டுமல்ல, டாக்டர்களே கொஞ்சம் பயப்படுவார்கள்.

"இறங்க மாட்டேன் சிஸ்டர். என்னைப் பிடிக்கச் சொல்லுங்க. கையை ரெண்டு பேரு, காலை ரெண்டு பேரு. என் மகளைப் பிடிச்ச மாதிரி."

படித்தவர் ஒருவரிடம் நான் மறுத்துப் பேசியது என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை அதற்கு இரண்டு வாரம் முந்தியது. அதைச் சொன்னால்தான் மேசையில் ஏன் ஏறினேன் என்பது விளங்கும்.

பேசாமல் பிழைத்தவன்

நான் பினாங்குத் தீவுக்கு ஆளையும் காரையும் ஏற்றிப் போகும் ஃபெர்ரியில் வேலை செய்தவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கார்கள் ஏறும் தளத்தில் நின்று, எந்த வண்டி எந்த வரிசையில் போக வேண்டும் என்று கை காட்டுவதுதான் வேலை. இஞ்சின் சத்தத்தில் அங்கே வாய்க்கு வேலை இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. கூச்ச சுபாவம் பிறவியிலேயே வந்தது. என் கல்யாணத்தில் போட்டோக்காரர் "மாப்பிள்ளை, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க லா" என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், குனிந்த தலையோடுதான் எடுத்தார். அந்தப் படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. என் மனைவி சரோஜா எந்த விருந்தாளி வந்தாலும் அதைக் காட்டிச் சிரிப்பாள்.

மீனா எங்களுக்கு ஒரே பிள்ளை. பிறந்தபோது உடனே அழவில்லை. நடக்கவே ஐந்து வயதானது. பேச்சு வரவில்லை. இருக்கிற பள்ளிக்கூடம் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. டத்தோ கிராமாட்டில் எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் போகிறவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் சரோஜா ஜன்னலைப் படாரென்று சாத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீனாவை ஃபெர்ரிக்குக் கூட்டிப்போவேன். ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டீசல் வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடிக்க, என் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். விரலை மடக்கினால் வா. கையைத் தாழ்த்தி ஆட்டினால் மெல்ல. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில். ஒரு நாள் வீட்டில் சரோஜா சிக்கெடுத்துத் தலை வாரும்போது மீனா அவள் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

சரோஜா சீப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மகள் முதன்முதலாக எங்களிடம் சொன்ன சொல் அது.

அன்று முதல் எங்கள் வீட்டில் அது சட்டம். மீனா கை காட்டினால் எதுவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் அவளே விரலை மடக்கி 'வா' என்பாள். அவளுக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கன்னத்தில் விரல்

அவளுக்குப் பத்து வயதிருக்கும். அந்த வருடம் தைப்பூசத்துக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைத்து, தார் ரோடு இளநீரில் நனைந்து இனிப்பாக நாறிக்கொண்டிருந்தது. காவடி எடுத்தவர்கள் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு போனதை மீனா கண் கொட்டாமல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் ஆட்காட்டி விரலால் வலது கன்னத்தைக் குத்தத் தொடங்கினாள். குத்திவிட்டு, தலையை ஆட்டி, ஒரு மாதிரி முனகுவாள். மறுபடியும் குத்துவாள்.

அலகைப் பார்த்து விளையாடுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி மேலே போனார்.

"சரோஜா, இது வெளையாட்டு இல்ல. அவரே எறங்கியிருக்காரு. புள்ள மேல முருகன் வந்திருக்காரு!"

அவ்வளவுதான். மறுநாள் செம்பில் பால் வந்தது. அதற்கு மறுநாள் ஒருவர் சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, மீனாவின் முன்னால் உட்கார்ந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். மீனா கன்னத்தைக் குத்தினாள். அவர் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

இன்று நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் சரோஜாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து வருடமாக 'ஐயோ பாவம்' என்று போனவர்கள் இப்போது அவள் மகளைக் கும்பிட்டார்கள். ஜன்னல் நாள் முழுக்கத் திறந்து கிடந்தது.

பிறகு மீனா சோற்றுத் தட்டைத் தள்ளினாள். கஞ்சியைத் துப்பினாள். கன்னத்தைச் சுவரில் மோதிக்கொண்டாள். ஒரு காலையில் கன்னம் வீங்கியிருந்தது. சரோஜா வாழைப்பழம் கொண்டுவந்த இன்னொருவரை வாசலிலேயே நிறுத்தி, "சாமி இல்லீங்க, வலி. போங்க," என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "வாங்க, கிளினிக்குப் போவோம்."

"இப்படித்தான் இருக்கும்"

நாங்கள் படிக்காதவர்கள். வலியைப் பார்த்துச் சாமி என்று நினைத்தோம். படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? எந்த கிளினிக் என்ற பெயர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும்.

முதலில் போன இடத்தில் டாக்டர் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. மீனா சுவரில் மோதிக்கொண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தார். "இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும்," என்றார். தூங்க வைக்கும் மருந்து கொடுத்தார். வாயைப் பார்க்கவில்லை.

இரண்டாவது இடம் பல் டாக்டர். "நாற்காலியில் அசையாமல் உட்காரப் பழக்கிவிட்டுக் கூட்டி வாருங்கள்," என்றார். வலியில் துடிக்கிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டு உட்காரப் பழக்குவது என்று அவர் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் பெரிய வரிசை இருக்கிறது, மாதக்கணக்காகும் என்றார்கள்.

மூன்றாவது இடத்தில் பார்க்கிறோம் என்றார்கள். என்னையும் சரோஜாவையும் வெளியே நிற்க வைத்துத் திரையை இழுத்தார்கள். உள்ளே மீனாவின் அலறல். திரை சரியாக மூடவில்லை. அந்த இடுக்கில் பார்த்தேன். நான்கு பேர் அவளை மேசையோடு மேசையாக அழுத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒரு மரக்குச்சியை வாய்க்குள் திணிக்கப் பார்த்தார். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடியில் இருந்த அவளுடைய வலது கை மணிக்கட்டுக்கு மேலே மட்டும் விரிந்திருந்தது. ஐந்து விரலும் விறைப்பாக.

நில்.

எங்கிருந்து எனக்கு அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. திரையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். "போதும்! விடுங்க அவளை!"

டாக்டர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. "அப்படியானால் இனிமேல் இங்கே கூட்டி வராதே," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. என் முகமும்தான். மீனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அதுதான் முதல் தடவை.

ஆனால் வலி எங்களோடுதான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. மீனாவின் கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது.

மேரி அக்கா

எங்கள் பகுதித் தேவாலயத்தின் பின்னறையில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற சில பேர் சனிக்கிழமைகளில் கூடுவோம். மேரி அக்காதான் அதற்குத் தலைவி மாதிரி. தையல்காரர். அவருடைய மகன் அந்தோணி பதினைந்து வயதிலும் நடக்க மாட்டான். அந்தக் கூட்டத்தில் நான் எப்போதும் கடைசி நாற்காலி. அன்றும் கிளினிக்கில் நடந்ததை எல்லாம் சரோஜாதான் சொன்னாள்.

"தம்பி, டாக்டரு முன்னால கத்துனீங்களாமே?" என்றார் மேரி அக்கா. "எங்களுக்கு ஒரு நாளாவது அந்தச் சத்தத்தக் காட்டுனீங்களா? நான் ஒங்களுக்கு ஃபெர்ரி ஹாரன கடன் வாங்கிக் குடுக்கலாம்னு இருந்தேன் லா."

எல்லோரும் சிரித்தார்கள். மேரி அக்கா சிரிக்கவில்லை. மிஸ்ஸிகளுக்கு, அதாவது தாதிகளுக்கு, சீருடை தைத்துக் கொடுப்பது அவர்தான். அந்தப் பழக்கத்தில் சிஸ்டர் ரத்தினத்திடம் எங்கள் கதையைச் சொல்லி, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்.

சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு விட்டார். நேராகப் பேசுகிறவர். "எங்கட பாடப் புத்தகத்தில இந்தப் பிள்ளையளைப் பற்றி ஒரு படம் இருக்கு. படத்துக்குக் கீழ வியாதியின்ர பேர் இருக்கு. அந்தப் பிள்ளையை எப்படித் தொடுறது எண்டு ஒரு வரி இல்லை. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பில காட்டுங்கோ. என்ர பிள்ளையள் பார்க்கட்டும்."

சரோஜா எழுந்துவிட்டாள். "என் புள்ள என்ன சர்க்கஸ் யானையா சிஸ்டர்? வரிசையா நின்னு பாக்குறதுக்கு?"

சிஸ்டருக்குக் கோபம் வந்ததா, இல்லையா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"புள்ள வராது சிஸ்டர். நான் வரேன்."

சரோஜா என்னைப் பார்த்த பார்வையில், 'நீங்களா?' என்பது தெளிவாக எழுதியிருந்தது.

"பிடிங்க"

இப்போது மேசைக்குத் திரும்புவோம். அந்த வகுப்பில் எழுந்து நின்றபோது, சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோனது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பேனாவைத் திறந்து காத்திருந்தாள். எதை எழுத? வாய் வரவில்லை. பிழைப்பெல்லாம் உடம்பால்தானே பிழைத்தோம் என்று தோன்றியது. ஏறிப் படுத்துவிட்டேன்.

சிஸ்டர் ரத்தினம் மாணவிகளிடம் திரும்பி, "பிடியுங்கோ," என்றார்.

நான்கு பேர் வந்தார்கள். முதலில் கூச்சத்தோடு தொட்டார்கள். "நல்லாப் பிடிங்க, என் மகள் இதைவிட பலசாலி," என்றேன். பிடித்தார்கள். அஸ்மா என்ற மலாய்ப் பெண்ணிடம் சிஸ்டர் டார்ச்சையும் மரக்குச்சியையும் கொடுத்தார்.

நடக்கப் போவது என்ன என்று எனக்கு முழுக்கத் தெரியும். ஏற்பாடு செய்தவனே நான்தான். அப்படியிருந்தும் அந்த வெளிச்சம் கண்ணில் அடித்து, யாரும் ஒன்றும் சொல்லாமல், குச்சி உதட்டில் பட்டதும் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. உதைத்தேன். ஒருத்தியின் தொப்பி பறந்தது. சிரித்தார்கள். இன்னும் இறுக்கினார்கள். மூச்சு முட்டியது. உள்ளங்கையை விரித்தேன். யாரும் நிறுத்தவில்லை. அது என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"விடுங்கோ," என்றார் சிஸ்டர்.

எழுந்து உட்கார்ந்தேன். சட்டை நனைந்திருந்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வாய் வந்துவிட்டது. கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில்தான் பேசினேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று.

"ஃபெர்ரியில நான் இப்படிக் கையைக் காட்டினா லோரி நிக்கும். டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசனோட காடி வந்தாலும் நிக்கும். ஏன்னு யாரும் கேக்குறதில்ல. என் மகளும் இதே கையைத்தான் காட்டினா. வளர்ந்தவங்க அஞ்சு பேரு இருந்தீங்க. ஒருத்தர்கூட நிக்கல. அவ என்ன, டத்தோ காடியவிட லேசா?"

"அங்கே இருந்தது நாங்கள் இல்லையே பாக்சிக்," என்றாள் அஸ்மா. மாமா என்று கூப்பிடுகிற மாதிரி மலாயில் அது.

"இன்னைக்கு நீங்க இல்ல. படிச்சு முடிச்சு வெளிய போனா நீங்கதான்."

"அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

"எனக்கு வைத்தியம் தெரியாது மகளே. கை காட்டினா நில்லு. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு அவளே சொல்லுவா."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாடம் முடிந்தது என்றார். நன்றி சொன்னார். நான் மேசையைவிட்டு இறங்கவில்லை.

"என் பாடம் முடிஞ்சுது சிஸ்டர். ஒங்க பாடம் எப்போ? அவ சாப்பிட்டு மூணு நாளாகுது. அவளப் பாக்க நாள் சொல்லுங்க, எறங்குறேன்."

மேரி அக்கா தைத்த சீருடைகள் எல்லாம் மூச்சுவிடாமல் நின்றன. சிஸ்டர் ரத்தினத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். "நாளைக்குக் காலமை. கிளினிக் திறக்க முந்தி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டரை நான் கூட்டி வாறன். இறங்குங்கோ இப்ப."

திறந்த வாய்

மறுநாள் சரோஜாதான் கட்டளை போட்டாள். யாரும் பிடிக்கக் கூடாது. திரை போடக் கூடாது. தொடுவதற்கு முன்னால் காட்ட வேண்டும். பல் டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

அஸ்மா தரையில் மீனாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். டார்ச்சை எடுத்தாள். மீனா கையை விரித்தாள். அஸ்மா நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். மீனா கையை விரித்தாள். நிறுத்தினாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நிஜமாகவே நிறுத்துகிறார்களா என்று மீனா சோதித்துப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். டாக்டர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணியப் பாக்காதீங்க டாக்டர். புள்ளையப் பாருங்க," என்றாள் சரோஜா, தமிழில். அவர் சீனர். ஆனாலும் கையை இறக்கிக்கொண்டார்.

திடீரென்று மீனா டார்ச்சைப் பிடுங்கி, வெளிச்சத்தை அஸ்மாவின் முகத்தில் அடித்தாள். அஸ்மா வாயை ஆவென்று திறந்தாள். மீனா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பல்லாக, ஒரு பெரிய டாக்டர் மாதிரி. பிறகு டார்ச்சை அஸ்மாவின் மடியில் வைத்தாள். விரலை மடக்கினாள்.

வா.

வாயைத் திறந்தாள். டாக்டரும் மண்டியிட்டுப் பார்த்தார். வலது பக்கக் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. ஈறில் சீழ் கட்டியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவர் நிறம் மாறியது. "இதையா விட்டு வைத்திருந்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

'இப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்கிய பிள்ளைக்கு இப்போது டாக்டர்கள் கணக்கிலும் ஒரு வியாதி வந்துவிட்டது. மாதக்கணக்கான வரிசையில் அந்த வாரமே இடம் கிடைத்தது. மயக்க மருந்து முகமூடியையும் அஸ்மா முதலில் தன் முகத்தில் வைத்துக் காட்டினாளாம். பல் போனது. நான்காம் நாள் மீனா இரண்டு தட்டு ரசஞ்சோறு சாப்பிட்டாள்.

கன்னத்தில் குத்துவதும் நின்றது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் ஏமாற்றம். "ஏன் சரோஜா, முருகன் போயிட்டாரா?"

"பல்லக் காட்டிக் குடுக்க வந்தாரு அக்கா. வேலை முடிஞ்சுது, போயிட்டாரு."

இன்னும்

சிஸ்டர் ரத்தினம் இருந்தவரை புதிதாகச் சேரும் ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பாடம் நடந்தது. என்னைப் பிடித்தார்கள். பிறகு மாணவிகளே ஒருவரை ஒருவர் பிடித்துப் பார்த்தார்கள். சிஸ்டர் ஓய்வு பெற்றதும், பாடத் திட்டத்தில் அப்படி ஒன்று இல்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் மீனாவுக்குக் காதுவலி. ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர். ஒன்றும் சொல்லாமல் காதுக்குள் பார்க்கும் கருவியை நீட்டினார். மீனா உள்ளங்கையை விரித்தாள். அவர் நிற்கவில்லை. மீனா அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி அவர் முகத்துக்கு நேரே கையை விரித்தாள்.

"இது என்ன?" என்றார் என்னிடம்.

"நிக்கச் சொல்றா டாக்டர்."

"வெளியே நிறைய பேர் காத்திருக்கிறார்கள்."

"நாங்களும் அங்க காத்திருந்தவங்கதான். மொதல்ல நில்லுங்க."

சரோஜா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போதைக்கு எழுந்திருக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை என்பது யார் பார்த்தாலும் தெரியும்.

டாக்டர் நின்றார். மீனா கையை இறக்கினாள். கூந்தலை ஒதுக்கித் தலையைச் சாய்த்து, விரலை மடக்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்துதான் இதை எழுதத் தொடங்கினேன். நானும் மேரி அக்காவும் அடுத்த வாரம் அந்தப் பயிற்சிக் கட்டடத்துக்குப் போகிறோம். யாரும் கூப்பிடவில்லை. மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன். ஏறிப் படுக்க நான் தயார். அந்தப் பாடம் மறுபடி எப்போது என்று அவர்கள் நாள் சொல்லாமல் இறங்குவதாக இல்லை.

எழுதி முடித்தது: 1993, பொங்கலுக்கு மறுநாள்.